ராஜ்காட்: யமுனைக் கரையில் காந்தியடிகள் நினைவிடம்

ராஜ்காட் என்பது மகாத்மா காந்தியின் உடல் எரியூட்டப்பட்ட இடத்தில் அமைந்துள்ள நினைவிடமாகும். தில்லியில், பழைய நகரின் கிழக்குப் புறத்தில், யமுனை ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டி இது உள்ளது. 1948 ஜனவரி 31 அன்று மாலை இங்கே அவருடைய சிதை மூட்டப்பட்டது. இன்று அந்த இடத்தில் இருப்பவை ஒரு கருப்புச் சலவைக்கல் மேடை, அதன் ஒரு முனையில் அணையாது எரியும் விளக்கு, கல்லில் பொறித்த இரண்டு சொற்கள். சிலை இல்லை, கோபுரம் இல்லை, மேடைக்கு மேல் கூரையும் இல்லை.

பள்ளிச் சுற்றுலாவாகவோ குடும்பத்தோடு தில்லியைப் பார்க்கவோ வருபவர்களில் பலர் பத்து நிமிடத்தில் இதைச் சுற்றி வந்துவிடுகிறார்கள். செங்கோட்டையையும் குதுப் மினாரையும் பார்த்த கண்ணுக்கு இங்கே பார்க்க அதிகம் இல்லை என்று தோன்றுவது இயல்பே. இந்த வெறுமை தற்செயலாக வந்ததன்று. இங்கே எவை வைக்கப்படவில்லை, ஏன் வைக்கப்படவில்லை என்பது தெரிந்தால்தான் இருப்பவற்றின் பொருள் விளங்கும்.

பெயர்

ராஜ்காட் என்ற பெயர் காந்தியடிகளுக்காக வைக்கப்பட்டதன்று. காட் என்றால் படித்துறை; ராஜ்காட் என்றால் அரசப் படித்துறை. ஷாஜகான் கட்டிய மதில் சூழ்ந்த நகரின் கிழக்குப் பகுதியான தரியாகஞ்சுக்கு அப்பால், ஆற்றங்கரையில் இருந்த பழைய துறை ஒன்றின் பெயர் அது. அருகிலிருந்த நகர வாயிலுக்கும் அதே பெயர் வழங்கிவந்தது. அரை ஆடை உடுத்தி வாழ்ந்த ஒருவரின் நினைவிடம் அரசரின் துறை என்று அழைக்கப்படுவது ஒரு முரண். பின்னாளில் இதன் பக்கத்தில் எழுந்த மற்ற நினைவிடங்களுக்கெல்லாம் பொருள் பார்த்துப் பெயர் சூட்டினார்கள். நேருவுக்குச் சாந்திவனம், லால் பகதூர் சாஸ்திரிக்கு விஜய் காட், இந்திரா காந்திக்குச் சக்தி ஸ்தல், ராஜீவ் காந்திக்கு வீர் பூமி. காந்தியடிகளின் இடம் மட்டும் ஊர்வழக்கில் இருந்த பழைய பெயரோடு நின்றுவிட்டது.

கடைசி வாரங்கள்

காந்தியடிகள் 1947 செப்டம்பரில் தில்லி வந்தபோது நகரம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. பஞ்சாபிலிருந்து வந்த இந்து, சீக்கிய அகதிகள் ஒருபுறம். வீடுகளையும் பள்ளிவாசல்களையும் பறிகொடுத்து முகாம்களில் அடைபட்ட தில்லி முஸ்லிம்கள் மறுபுறம். அவர் பிர்லா மாளிகையில் தங்கினார். தம் வாழ்வின் கடைசி 144 நாட்களை அங்கேதான் கழித்தார்.

1948 ஜனவரி 13 அன்று, நகரில் அமைதி திரும்ப வேண்டும் என்று உண்ணாநோன்பு தொடங்கினார். எல்லாச் சமூகத் தலைவர்களும் கூடி அமைதிக்கு உறுதியளித்த பிறகு 18ஆம் தேதி அதை முடித்தார். இரண்டு நாள் கழித்து அவருடைய வழிபாட்டுக் கூட்டத்தின் அருகே குண்டு வெடித்தது, அவருக்குக் காயமில்லை. 27ஆம் தேதி மெஹ்ரோலியில் உள்ள குதுபுத்தீன் பக்தியார் காக்கி தர்காவின் உருஸ் விழாவுக்குச் சென்றார். அந்த ஆண்டு அவ்விழா நடக்குமா என்பதே ஐயமாக இருந்தது. அது நடந்ததும் முஸ்லிம்கள் அச்சமின்றி அங்கே கூடியதும் அவருடைய நோன்பின் பயன்கள். மூன்று நாட்களுக்குப் பிறகு, 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை 5 மணி 17 நிமிடத்துக்கு, வழிபாட்டுக்கு நடந்துவந்தபோது நாதுராம் கோட்சே அவரை மூன்று முறை சுட்டான்.

ராஜ்காட்டை அமைதித் தலைவரின் நினைவிடம் என்று சொல்லும்போது இந்த மூன்று வாரங்களும் சேர்ந்தே நினைவுக்கு வரவேண்டும். விடுதலைப் போராட்ட வெற்றிக்கு மட்டும் எழுப்பிய சின்னமாக இதைப் பார்த்தால் பாதிதான் தெரியும். அவர் உயிரைப் பறித்தது வெள்ளையர் ஆட்சியோடு நடத்திய போராட்டமன்று. சொந்த நகரத்தில் அயலார் இருவர் அடித்துக்கொள்ளக் கூடாது என்று எடுத்த முயற்சி.

இறுதி ஊர்வலம்

கொலை நடந்த அன்றிரவே, உடலைப் பதப்படுத்திச் சில நாட்கள் வைத்திருந்தால் நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து பார்க்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன் அதை ஆதரித்தார். காந்தியடிகளின் செயலாளர் பியாரேலால் மறுத்தார். தம் உடலை அப்படி வைத்திருக்கக் கூடாது, இறந்த ஊரிலேயே எரித்துவிட வேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததாகப் பியாரேலால் தெரிவித்தார். பேச்சு அத்துடன் முடிந்தது. உலகின் வேறு சில நாடுகளில் தலைவர்களின் உடல்கள் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருப்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு மறுப்பு எத்தனை பெரியது என்பது தெரியும்.

ஆனால் மறுநாள் ஊர்வல ஏற்பாடு ராணுவத்தின் கைக்குப் போனது. அன்று இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஓர் ஆங்கிலேயர், ஜெனரல் ராய் பூச்சர். லட்சக்கணக்கில் மக்கள் திரளும்போது ஒழுங்கைக் காக்க வேறு யாராலும் முடியாது என்பது அரசின் கருத்து. ஆயுதங்களைச் சுமக்கும் ராணுவ வண்டி ஒன்றின் மேல் உடல் வைக்கப்பட்டது. வண்டியின் எந்திரத்தை இயக்கவில்லை. முப்படைகளையும் சேர்ந்த 200 வீரர்கள் நான்கு வடங்களைப் பிடித்து, தேரிழுப்பதுபோல் அதை இழுத்துச் சென்றார்கள். விமானங்கள் தாழப் பறந்து ரோஜா இதழ்களைத் தூவின. முற்பகல் 11.45 மணிக்குப் பிர்லா மாளிகையிலிருந்து கிளம்பிய ஊர்வலம், ஐந்து மைலுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தைக் கடந்து ராஜ்காட்டை அடையும்போது மாலை மணி 4.20. வழியெங்கும் நின்றவர்கள் பத்து லட்சத்துக்கு மேல் என்று அன்றைய செய்தியாளர்கள் மதிப்பிட்டார்கள்.

சிதைக்குத் தீ வைத்தவர் மூன்றாவது மகன் ராமதாஸ். கூட்டம் முன்னே நெருக்கியபோது, சிதையருகே இருந்தவர்கள் நெருப்பில் தள்ளப்பட்டுவிடுவார்களோ என்று அஞ்சிய மவுண்ட்பேட்டன், தம்மோடு இருந்த பிரமுகர்கள் அனைவரையும் தரையில் உட்காரச் சொன்னார். அவரும் மனைவியும் மண்ணில் அமர்ந்தார்கள். இந்தியாவின் கடைசி வைஸ்ராய் காந்தியின் சிதைமுன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த காட்சியை, அதற்கு ஓராண்டு முன்பு யாரும் கற்பனை செய்திருக்க முடியாது.

அகிம்சையைப் போதித்தவரைப் படைவீரர்கள் ஆயுத வண்டியில் இழுத்துச் சென்றது சரிதானா என்ற கேள்வி பிறகு அடிக்கடி எழுப்பப்பட்டது. அது நியாயமான கேள்வி. அரசின் மரியாதைக்கும் காந்தியின் எளிமைக்கும் இடையிலான இழுபறி அன்று தொடங்கியது. ராஜ்காட்டில் அது இன்னும் ஓயவில்லை. அஸ்தியைக் கொண்டுசென்ற விதத்தில் எளிமை வென்றது. பிப்ரவரி 11 அன்று தில்லியிலிருந்து அலகாபாத்துக்கு அஸ்தி சென்ற தனி ரயில் முழுவதும் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளால் ஆனது. அவர் ஆயுளெல்லாம் பயணம் செய்த வகுப்பு அது. மறுநாள் கங்கையும் யமுனையும் கூடும் சங்கமத்தில் அஸ்தி கரைக்கப்பட்டது.

எதுவும் அடங்காத சமாதி

ராஜ்காட்டை வடநாட்டில் சமாதி என்கிறார்கள். தமிழில் இச்சொல் பெரும்பாலும் உடல் அடக்கம் செய்யப்பட்ட இடத்தைக் குறிக்கும். சென்னை மெரினாவில் அண்ணா, எம்.ஜி.ஆர் நினைவிடங்களைப் பார்த்துப் பழகியவர்கள், ராஜ்காட் மேடைக்குக் கீழேயும் காந்தியடிகளின் உடல் இருப்பதாக எண்ணிவிடுவதுண்டு. அங்கே உடல் இல்லை. சிதை எரிந்த இடத்தை அடையாளம் காட்டுவதுதான் அந்த மேடையின் வேலை.

அஸ்தி நாடெங்கும் பல கலசங்களில் பிரித்து அனுப்பப்பட்டு ஆறுகளிலும் கடலிலும் கரைக்கப்பட்டது. கன்னியாகுமரியில் 1948 பிப்ரவரி 12 அன்று கடலில் கரைக்கப்படும் முன் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் இன்று காந்தி மண்டபம் நிற்கிறது. 1956இல் கட்டப்பட்ட அதன் உயரம் அவருடைய வயதைக் குறிக்கும் வகையில் 79 அடி. அக்டோபர் 2 நண்பகலில் அந்தக் கலசப் பீடத்தின் மேல் சூரிய ஒளி விழும்படி கூரையில் துளை அமைத்திருக்கிறார்கள். ஒரு பகுதி ஆப்பிரிக்காவுக்கும் போனது. உகாண்டாவில் ஜிஞ்சா நகரருகே, நைல் நதி விக்டோரியா ஏரியிலிருந்து புறப்படும் இடத்தில் அது கரைக்கப்பட்டது. 1997இல் அங்கே அவருடைய மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. ஒடிசாவின் கட்டாக் நகரில் ஒரு கலசம் வங்கிப் பெட்டகத்திலேயே பல்லாண்டு தங்கிவிட்டது. நீதிமன்றம் வரை சென்று அதைப் பெற்ற கொள்ளுப்பேரன் துஷார் காந்தி, 1997 ஜனவரி 30 அன்று அதே சங்கமத்தில் கரைத்தார். ஆக, காந்தியடிகளுக்கு ஆற்றங்கரை நினைவிடங்கள் பல. ராஜ்காட் அவற்றுள் முதலாவது. அஸ்தி கூட இல்லாதது.

தமக்குச் சிலை வைப்பதைக் காந்தியடிகள் விரும்பியதில்லை. 1947இல் பம்பாயில் பெரும் பொருட்செலவில் தமக்கொரு சிலை அமைக்கும் திட்டம் பற்றி அறிந்தபோது, அதைக் கண்டித்துத் தம் ஹரிஜன் இதழில் எழுதினார். அவர் இறந்த பிறகு சிலைகள் எத்தனை ஊர்களில் எழுந்தன என்பது எல்லோரும் அறிந்ததே. ராஜ்காட் மேடையருகே மட்டும் அந்த ஆசைக்கு இடங்கொடுக்கவில்லை.

அமைப்பு

நினைவிடத்தைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் வனு ஜி. பூதா. சுற்றிலும் மண்ணை அணைத்துக் கரைபோல உயர்த்தி, கற்சுவர் எழுப்பி, நடுவில் சதுரமான திறந்தவெளியை அவர் அமைத்தார். அந்த வெளியின் மையத்தில் மேடை இருக்கிறது. நான்கு புறத்திலும் வாயில்கள் உண்டு. வெளியிலிருந்து வருபவருக்கு மேடை உடனே தெரியாது. வாயிலைக் கடந்த பிறகுதான் தெரியும். கரையின் மேல் நடைபாதை இருக்கிறது. அதில் ஏறி நின்று மேடையைக் கீழே பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. மற்றப் பேரரசர்களின், தலைவர்களின் நினைவுச் சின்னங்களில் பார்ப்பவர் தலையை நிமிர்த்தி மேலே பார்க்க வேண்டும். இங்கே மேடை காலடி மட்டத்தில் இருக்கிறது. பார்வை தாழ்ந்தே போகிறது. மேலே வானம்தான். மழையும் வெயிலும் கல்லின் மேல் நேராக விழுகின்றன. நாள்தோறும் அதன் மேல் வைக்கப்படும் பூக்களின் நிறம் மட்டுமே அலங்காரம்.

சுற்றியுள்ள தோட்டத்தை வகுத்ததில் ஆங்கிலேயத் தோட்டக்கலை வல்லுநர் அலிக் பெர்சி லங்காஸ்டருக்குப் பங்குண்டு. விடுதலைக்குப் பிறகும் தில்லியில் தங்கி அரசுப் பணி செய்தவர் அவர். ஹோ சி மின், ஐசன்ஹோவர், இரண்டாம் எலிசபெத் அரசி முதலான அயல்நாட்டுத் தலைவர்கள் நட்ட மரங்கள் தோட்டத்தில் பெயர்ப்பலகைகளோடு நிற்கின்றன. வியட்நாமில் மேற்கத்திய வல்லரசுகளை எதிர்த்து ஆயுதப் போர் நடத்தியவரும், இரண்டாம் உலகப்போரின் தளபதியும் ஒரே தோட்டத்தில் மரம் நட்டிருக்கிறார்கள். நினைவிடத்தின் பராமரிப்புக்கென 1951இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி அமைந்த குழு இதை நிர்வகிக்கிறது.

‘ஹே ராம்’

மேடையில் தேவநாகரி எழுத்தில் பொறித்திருப்பது ‘ஹே ராம்’ என்பது. சுடப்பட்டபோது அவர் வாயிலிருந்து வந்த கடைசிச் சொல் இதுவென்று பக்கத்தில் நடந்துவந்த பேத்தி முறையினரான மனு எழுதியிருக்கிறார். அருகில் இருந்த இன்னொருவர் இதில் மாறுபட்டார். காந்தியடிகளின் தனிச்செயலராக இருந்த தமிழர் வி. கல்யாணம், சில அடி தொலைவிலேயே தாம் இருந்தும் அச்சொல் தம் காதில் விழவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். சென்னையில் வாழ்ந்த அவர் 2021இல் தம் 98ஆம் வயதில் காலமானார். கூச்சலும் ஓட்டமுமாக இருந்த அந்தச் சில நொடிகளில் ஒருவர் காதில் விழுந்தது மற்றவர் காதில் விழாமல் போயிருக்கலாம்.

ஒன்று மட்டும் உறுதி. சுடுபவன் மேல் சினமில்லாமல், கடவுள் பெயரைச் சொல்லி இறப்பதே தமக்குச் சோதனை என்று கடைசி நாட்களில் அவர் பலமுறை பேசியிருந்தார். கல்லில் உள்ள சொற்களை அவர் இறுதியாக உச்சரித்தாரா என்பதைவிட, அப்படியொரு சாவுக்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார் என்பது வரலாற்றில் ஐயத்துக்கு இடமில்லாதது.

வந்தவர்கள்

1959 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் தம் மனைவி கொரெட்டாவுடன் இந்தியா வந்து இங்கே மலர்வளையம் வைத்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குக் காந்தியின் வழியை எடுத்துக்கொண்டவர் அவர். ராஜ்காட்டுக்கு வந்த எத்தனையோ பேரில் அவருடைய வருகையைத் தனியாகச் சொல்லவேண்டும். மற்றவர்களுக்கு இது நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி, அவருக்கு வந்ததன் நோக்கமே இதுதான். 2001 ஜூலையில், ஆக்ரா பேச்சுவார்த்தைக்கு முன் பாகிஸ்தானின் பர்வேஸ் முஷாரஃப் இங்கே வந்து அஞ்சலி செலுத்தினார். அவர் பிறந்தது ராஜ்காட்டுக்கு மிக அருகில், தரியாகஞ்ச் பகுதியில். 2023 செப்டம்பர் 10 அன்று ஜி-20 நாடுகளின் தலைவர்கள் ஒருசேர வந்து நின்றார்கள்.

வன்முறையும் இந்த இடத்தை விட்டுவைக்கவில்லை. 1986 அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்தநாள் அஞ்சலிக்கு வந்த பிரதமர் ராஜீவ் காந்தியை நோக்கி இங்கே மறைந்திருந்த ஒருவன் சுட்டான். பிரதமர் தப்பினார். 2006இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் வருவதற்கு முன் பாதுகாப்புச் சோதனைக்கு மோப்ப நாய்களை மேடை வரை கொண்டுவந்ததால் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. தலைவர்களின் உயிரைக் காப்பது அரசின் கடமைதான். ஆயினும், காவலர் இல்லாமல் வழிபாட்டுக் கூட்டங்களுக்கு நடந்துபோன, வருவோரைச் சோதிக்கக் கூடாது என்று கடைசிவரை மறுத்த ஒருவரின் நினைவிடத்தில் இது நடப்பது நெருடலானது.

புதிய பிரதமர்கள் பதவியேற்கும் நாளில் காலையில் இங்கே வந்து செல்வது வழக்கம். அரசை எதிர்ப்பவர்களும் இங்கேதான் வருகிறார்கள். 2011 ஜூனில் அண்ணா ஹசாரே ஒருநாள் உண்ணாநோன்பு இருந்தது இங்கே. இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு மேடை தலைநகரில் இருப்பது நல்லதே.

விலகிப் போன ஆறு

ஆற்றங்கரை நினைவிடம் என்று படித்துவிட்டு வருபவர்கள் யமுனையைத் தேடுவார்கள். மேடையருகிலிருந்து ஆறு தெரியாது. முகலாயர் காலத்தில் செங்கோட்டை மதிலை ஒட்டி ஓடிய யமுனை, மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்துவிட்டது. இடையில் தோட்டங்களும் சாலையும் ஆற்றுப்படுகை நிலமும் இருக்கின்றன. வஜீராபாத் அணைக்கட்டு முதல் ஓக்லா வரை சுமார் 22 கி.மீ. தூரம் ஆறு நகரின் கழிவுகளைச் சுமந்து ஓடுகிறது. கோடையில் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி சாக்கடை நீர்தான்.

2023 ஜூலையில் ஆறு தானே திரும்பி வந்தது. ஜூலை 13 அன்று யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டு, 1978இல் பதிவான 207.49 மீட்டர் என்ற பழைய உச்சத்தைத் தாண்டியது. வெள்ளம் சாலையை மூழ்கடித்துச் செங்கோட்டைச் சுவர் வரை சென்றது. ராஜ்காட் வளாகத்திலும் நீர் புகுந்தது. நீரை எந்திரம் வைத்து வெளியேற்ற வேண்டியிருந்தது. பழைய படித்துறை என்ற பெயர் சில நாட்களுக்கு உண்மையாயிற்று.

செல்வோர் கவனத்துக்கு

நினைவிடம் காலையிலிருந்து மாலை வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. முக்கியப் பிரமுகர்கள் வரும் நாளில் பொதுமக்களை அனுமதிப்பதில்லை. ஜனவரி 30, அக்டோபர் 2, ஆகஸ்ட் 15 ஆகிய நாட்களில் காலைப் பொழுதைத் தவிர்ப்பது நல்லது. காலணிகளை வெளியே விட்டுவிட்டுத்தான் மேடையருகே போகவேண்டும். கோடை நண்பகலில் கல்தரை கால்களைச் சுடும். காந்தியடிகள் இறந்தது வெள்ளிக்கிழமை என்பதால் வெள்ளிதோறும் மாலையில் சர்வசமய வழிபாடு நடக்கிறது. இயலுமானால் அந்த நேரத்தில் போகலாம். மெட்ரோவில் வருபவர்களுக்கு ஊதா வழித்தடத்தில் உள்ள டில்லி கேட் நிலையம் வசதி. அங்கிருந்து ஆட்டோவிலோ நடந்தோ வரலாம்.

சாலைக்கு எதிர்ப்புறம் தேசிய காந்தி அருங்காட்சியகம் உள்ளது. அவர் பயன்படுத்திய பொருட்களும், சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதி தோய்ந்த ஆடையும் அங்கே இருக்கின்றன. அன்றைய ஆடையின் ஒரு பகுதி மதுரை காந்தி அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டுள்ளது. தில்லிக்குப் போக முடியாத மாணவர்கள் அதைப் பார்க்கலாம்.

ராஜ்காட்டுக்கு முன்பாகப் பிர்லா மாளிகையைப் பார்த்துவிடுவது முறையாக இருக்கும். காந்தி ஸ்மிருதி என்ற பெயரில் 1973 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்த இடத்தில், அவர் அறையிலிருந்து சுடப்பட்ட இடம் வரை நடந்த பாதையில் காலடித் தடங்களைச் சிமெண்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். அங்கே தொடங்கி இந்தியா கேட் வழியாக ராஜ்காட்டுக்கு வந்தால், 1948இல் ஊர்வலம் போன திசையிலேயே வந்து சேரலாம். காந்தி ஸ்மிருதிக்கும் அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை.